வயசான அப்பா அம்மா மேல குற்றம் நடந்துச்சா? அமெரிக்காவுல விக்டிம் காம்பன்சேஷன் வாங்குற வழி

கலிஃபோர்னியாவுல முதியோர் சட்ட உதவி பக்கம் வேலை பாக்குறவ நான். நம்ம குடும்பங்கள்ல திரும்பத் திரும்ப ஒண்ணு பாக்குறேன். சாயங்காலம் வாக்கிங் போன அம்மாவை எவனோ தள்ளிவிட்டு செயினை அறுத்துட்டு ஓடிடுறான், அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன், ஆம்புலன்ஸ் பில்லுல ஆரம்பிச்சு பிசியோ வரைக்கும் பிள்ளைங்க கிரெடிட் கார்டுல தேய்ச்சு தேய்ச்சு கட்டுறாங்க, ஆனா குற்றத்தால பாதிக்கப்பட்டவங்க செலவுக்குப் பணம் கொடுக்கன்னே (அதுதான் விக்டிம் காம்பன்சேஷன்) ஸ்டேட்ல ஒரு போர்டு உக்காந்திருக்குன்னு யாருக்குமே தெரியுறதில்ல. தெரிஞ்சவங்களும் "அரசாங்கத்துக்கிட்ட போய் கையேந்தணுமா"ன்னு விட்டுடுறாங்க. அவங்களுக்காக முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். ஃபெடரல்ல 1984ல வந்த விக்டிம்ஸ் ஆஃப் கிரைம் சட்டப்படி ஒரு ஃபண்ட் இருக்கு, அதுல சேருற பணம் குற்றவாளிங்க கட்டுற ஃபைனும் பெனால்டியும்தான், அதுல இருந்து ஸ்டேட்டுங்களுக்கு பங்கு போகுது. அம்மாவுக்கு அநியாயம் நடந்திருக்கு, அதுக்கு உரிமையா கேட்டு வாங்குற பணம் இது. இதுல கையேந்துறதுன்னு எதுவும் இல்ல.

இந்த மாதிரி திட்டத்தை முதல்ல ஆரம்பிச்சது கலிஃபோர்னியா, 1965ல. அடுத்த வருஷம் நியூயார்க். இப்ப எல்லா ஸ்டேட்லயும் இருக்கு, பேருதான் வேற வேற, சில இடத்துல போர்டு, சில இடத்துல அட்டர்னி ஜெனரல் ஆபீஸுக்குள்ளயே ஒரு பிரிவு. பொதுவா குற்றம் எந்த ஸ்டேட்ல நடந்துச்சோ அங்கதான் அப்ளை பண்ணணும், நீங்க குடியிருக்குற ஸ்டேட்ல இல்ல. டெக்ஸஸ்ல இருக்குற அக்கா வீட்டுக்குப் போன இடத்துல அப்பாவை அடிச்சுட்டாங்கன்னா டெக்ஸஸ்தான். நான் இங்க அதிகமா கலிஃபோர்னியாவை வச்சு சொல்றேன், தினமும் கையாளுறது அதுதான்.

என்ன கிடைக்கும், என்ன கிடைக்காதுங்கறதை தெளிவா புரிஞ்சுக்கோங்க, இதுல ஏமாந்து மனசு விட்டுப் போறவங்கதான் அதிகம். கலிஃபோர்னியா போர்டு ஒரு கிளெய்முக்கு அதிகபட்சம் 70,000 டாலர் வரைக்கும் கொடுக்கும். உடம்புக்கு அடிபட்டதுக்கு ஆஸ்பத்திரி செலவு, பல்லு, மனநல கவுன்சிலிங், வீட்டுக்கு செக்யூரிட்டி போடுறது, அந்த வீட்டுல இனி இருக்க முடியாதுன்னா இடம் மாறுற செலவு, நிரந்தரமா ஊனம் ஆயிட்டா வீட்டுல ராம்ப் மாதிரி மாத்தங்கள் பண்ற செலவு, உயிரே போயிட்டா இறுதிச் சடங்கு செலவு, இதெல்லாம் உண்டு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி உச்சவரம்பு இருக்கு. அறுத்துட்டுப் போன தாலிக்கொடிக்கு போர்டு பணம் தராது, பர்ஸுல இருந்த கேஷுக்கும் தராது, பட்ட வேதனைக்குன்னு தனியா எதுவும் தராது. ஆனா இதுல வயசானவங்களுக்குன்னே ஒரு முக்கியமான விஷயம் இருக்கு, மூக்குக்கண்ணாடி, காது மிஷின், பல் செட்டு இதெல்லாம் அந்த சம்பவத்துல உடைஞ்சாலோ தொலைஞ்சாலோ சட்டம் அதை மருத்துவச் செலவுலயே சேர்த்து வச்சிருக்கு. காது மிஷின் என்ன விலைன்னு வாங்கினவங்களுக்குத் தெரியும். கீழ விழுந்த பதட்டத்துல அது எங்கயோ தெறிச்சுப் போயிருக்கும், ஒரு வாரம் கழிச்சுதான் "காதே கேக்கல"ன்னு அம்மா சொல்லுவாங்க. அப்படி ஆச்சுன்னா உடனே போலீஸுக்கு போன் பண்ணி அதையும் ரிப்போர்ட்ல சேர்க்கச் சொல்லுங்க. அம்மாவோட கவுன்சிலிங் மாதிரியே கூட இருக்குற பிள்ளைங்களுக்கும் கவுன்சிலிங் செலவு கேக்கலாம், அவங்களையும் பாதிக்கப்பட்டவங்கன்னுதான் சட்டம் பாக்குது.

போன்ல ஏமாத்தி பணத்தைப் பிடுங்கின கேஸ் நிறைய வருது. "உங்க பேரன் ஜெயில்ல இருக்கான்", "உங்க சோஷியல் செக்யூரிட்டி நம்பர் சஸ்பெண்ட் ஆயிடுச்சு" இந்த வகை. அந்தப் பணத்தை காம்பன்சேஷன் போர்டு திருப்பித் தராது, இதை முதல்லயே தெரிஞ்சுக்கிட்டா நேரம் மிச்சம். அதுக்கு உடனே பேங்குக்கு போன் பண்ணி டிரான்ஸ்ஃபரை நிறுத்தப் பாக்கணும், எஃப்பிஐயோட இணைய குற்றப் புகார் தளம் ஐசி3ல புகார் போடணும், நேஷனல் எல்டர் ஃப்ராட் ஹாட்லைன் 833-372-8311, அங்க மனுஷங்க எடுத்து பொறுமையா வழி சொல்லுவாங்க. மத்த ஸ்டேட்ல சின்னச் சின்ன விதிவிலக்கு இருக்கு, வயசானவங்களுக்குன்னே பண்ணினது. நியூயார்க்ல 60 வயசு ஆனவங்களுக்கு உடம்புல அடியே படலன்னாலும் அத்தியாவசியமான சாமான் போயிருந்தா அதுக்கு கேக்கலாம். பென்சில்வேனியாவுல 60 வயசு ஆனவங்க, சோஷியல் செக்யூரிட்டியையோ பென்ஷனையோ நம்பி இருக்குறவங்க கிட்ட இருந்து கேஷ் திருடு போனா அதுக்குன்னு தனியா ஒரு உதவி இருக்கு. ஃப்ளோரிடாவுலயும் 60 தாண்டினவங்க சாமான் இழப்புக்கு சின்னத் தொகை உண்டு. டெக்ஸஸ்ல சாதாரணமா உச்சவரம்பு 50,000 டாலர், வாழ்நாள் ஊனம் மாதிரி பெரிய காயம்னா அந்த 50,000 போக கூடுதலா இன்னும் 75,000 வரைக்கும் கிடைக்கும், ஆனா அங்க சாமான் இழப்புக்கு கிடையாது.

இப்ப போலீஸ் ரிப்போர்ட்டுக்கு வரேன், பாதி கேஸ் இங்கதான் கெட்டுப் போகுது. நம்ம வீட்டுப் பெரியவங்க போலீஸ்காரர் வந்து நின்னதும் என்ன பண்ணுவாங்க? "ஒண்ணும் இல்ல, நானேதான் கால் தடுக்கி விழுந்தேன், வயசாச்சுல்ல"ன்னு சொல்லிடுவாங்க. வெக்கம், பயம், பிள்ளைக்கு தொந்தரவு வேண்டாமேங்கற நினைப்பு, எல்லாம் சேர்ந்து வர்றது அது. போலீஸ்காரர் அதை அப்படியே எழுதிக்குவார், ரிப்போர்ட்ல "கீழே விழுந்தார்"னு இருக்கும், மூணு மாசம் கழிச்சு போர்டு அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் பாத்துட்டு குற்றமே நடக்கலையேன்னு நிராகரிச்சுடும். அதனால ரிப்போர்ட் காப்பி கைக்கு வந்தவுடனே வரி வரியா அம்மாவுக்கு தமிழ்ல படிச்சுக் காட்டுங்க. தப்பா இருந்தா அதே ஸ்டேஷனுக்குப் போய் சப்ளிமெண்டல் ரிப்போர்ட் (முதல் ரிப்போர்ட்டோட சேர்க்குற கூடுதல் ரிப்போர்ட்) வேணும்னு கேளுங்க, முதல்ல சொன்னது ஏன் மாறிச்சுன்னும் அதுலயே எழுதச் சொல்லுங்க, பதட்டத்துல இருந்தாங்க, இங்கிலீஷ் வராது, காது மிஷின் இல்லன்னு. முடிஞ்சா ஆரம்பத்துலயே தமிழ் இன்டர்ப்ரட்டர் வேணும்னு கேட்டுடுங்க, வீட்டுல இருக்குறவங்களே மொழிபெயர்க்குறது பல சமயம் சரியா வராது, நாம நமக்குத் தெரியாமலே விஷயத்தை மெதுவாக்கிச் சொல்லிடுவோம். சந்தேகம் வீட்டுக்குள்ள இருக்குற ஆள் மேலேயே இருந்தா அந்த ஆளை மொழிபெயர்க்க விடவே கூடாது.

அம்மா போலீஸுக்கு சரியா ஒத்துழைக்கலன்னு போர்டு சொல்ல வாய்ப்பு உண்டு. அங்க ஒரு சட்டப் பிரிவு கை கொடுக்கும், கலிஃபோர்னியா கவர்ன்மெண்ட் கோட் 13956. ஒத்துழைப்பை எடை போடும்போது அந்த ஆளோட வயசு, உடம்பு நிலை, மனநிலை, கலாச்சாரத் தடை, மொழித் தடை, திருப்பி அடிச்சுடுவாங்களோங்கற நியாயமான பயம் இதையெல்லாம் போர்டு பாத்தே ஆகணும்னு அதுல எழுதியிருக்கு. கடிதம் எழுதும்போது இந்த நம்பரைப் போட்டே எழுதுங்க.

வீட்டுக்குள்ளயே நடக்குற கொடுமை பத்தியும் சொல்லணும், பேசாம விட்டா அது நின்னுடாது. மகனோ மருமகளோ மகளோ மருமகனோ வேலைக்கு வச்ச ஆளோ அடிக்கிறது, மருந்து கொடுக்காம விடுறது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வச்சுக்கிறது, இதெல்லாம் நம்ம வீடுகள்லயும் நடக்குது. உடனடி ஆபத்துன்னா 911. இல்லன்னா முதியோர் மேல நடக்குற கொடுமையை விசாரிக்குற அரசு பிரிவான அடல்ட் ப்ரொடெக்டிவ் சர்வீஸஸ், சுருக்கமா ஏபிஎஸ், கலிஃபோர்னியா நம்பர் 833-401-0832. 2022ல இருந்து 60 வயசுலயே ஏபிஎஸ் எடுத்துக்கும், ஆனா கிரிமினல் சட்டத்துல முதியோர்னா 65, இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கோங்க. முதியோர் கொடுமைக்குன்னு தனியா ரெஸ்ட்ரெயினிங் ஆர்டர் (அந்த ஆள் கிட்ட வரக் கூடாதுன்னு கோர்ட் போடுற உத்தரவு) இருக்கு, ஃபார்ம் இஏ-100, அதுக்கு கோர்ட்ல ஃபைலிங் ஃபீஸ் கிடையாது. ஏபிஎஸ் எழுதுற குறிப்பு, எமர்ஜென்சி டாக்டர் எழுதின மருத்துவப் பதிவு, ரெஸ்ட்ரெயினிங் ஆர்டர் பேப்பர் இதெல்லாம் போலீஸ் ரிப்போர்ட்டோட சேர்த்து வச்சா கிளெய்முக்கு நல்ல பலம்.

"அம்மா விசிட்டர் விசாவுல வந்திருக்காங்க, அவங்களுக்கு எங்க கிடைக்கப் போகுது"ன்னு கேப்பாங்க. கலிஃபோர்னியாவுல குற்றம் நடந்துச்சுன்னா பாதிக்கப்பட்டவங்களோட இமிக்ரேஷன் நிலை தடை இல்ல, சிட்டிசன்ஷிப்பும் வேண்டாம், கிரீன் கார்டும் வேண்டாம். இன்னொண்ணும் ரொம்பப் பேருக்குத் தெரியாது, அமெரிக்க சிட்டிசனா இருக்குற 21 வயசு தாண்டின மகனோ மகளோ தன் அப்பா அம்மாவைக் கொடுமைப்படுத்தினா, கூட குடியிருந்த அந்த அப்பா அம்மா பிள்ளையோட கையெழுத்து இல்லாமலேயே தாங்களே கிரீன் கார்டு வழிக்கு மனு போடலாம், வாவா (குடும்பக் கொடுமைக்கு ஆளானவங்களைப் பாதுகாக்குற ஃபெடரல் சட்டம்) கீழ ஐ-360 ஃபார்ம். பிள்ளை கிரீன் கார்டு ஹோல்டரா இருந்தா இந்த வழி இல்ல. ஸ்பான்சர்ஷிப்பை நிறுத்திடுவேன்னு மிரட்டியே பெரியவங்களை அடக்கி வச்சிருக்குற வீடுங்களுக்கு இது பெரிய விடுதலை, ஆனா இதை இமிக்ரேஷன் வக்கீல் வச்சுதான் பண்ணணும், தானா ஃபார்ம் நிரப்பி அனுப்பாதீங்க.

அப்ளிகேஷன் போடுறது அவ்வளவு கஷ்டம் இல்ல. கலிஃபோர்னியா போர்டு வெப்சைட்லயே போடலாம், இல்ல 800-777-9229க்கு போன் பண்ணலாம், இல்லன்னா உங்க கவுண்டில விக்டிம் விட்னஸ் அசிஸ்டன்ஸ் சென்டர் இருக்கும், பெரும்பாலும் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி (கிரிமினல் கேஸ் நடத்துற அரசு வக்கீல்) ஆபீஸுக்குள்ள. என் அபிப்ராயம் மூணாவதுதான் நல்லது, அங்க இருக்குற அட்வகேட் ஒருத்தர் உக்கார வச்சு இலவசமா நிரப்பித் தருவார், போலீஸ் ரிப்போர்ட்டையும் அவங்களே எடுத்துக்குவாங்க. குற்றம் நடந்து 7 வருஷத்துக்குள்ள போடணும். டெக்ஸஸ்ல 3 வருஷம். நியூயார்க்ல ரொம்ப நாளா ஒரு வருஷம்தான் இருந்துச்சு, 2023ல கையெழுத்தான சட்டப்படி 2025 டிசம்பர் 31ல இருந்து 3 வருஷம். நாள் இருக்கேன்னு தள்ளிப் போடாதீங்க, பில்லு எல்லாம் சேரட்டும்னும் காத்திருக்காதீங்க. முதல்ல அப்ளிகேஷன் போயிடணும், பில்லை பின்னாடி ஒண்ணொண்ணா அனுப்பிக்கலாம்.

கையெழுத்து யாருதுங்கறதுல முதியோர் கேஸ் மத்த கேஸ்ல இருந்து வேறுபடும். அம்மாவுக்குப் புரியுற திறன் இருந்தா அம்மாவேதான் போடணும், கை நடுங்கினாலும் பரவாயில்ல. மறதி நோய் முத்தி அவங்களால முடியாதுன்னா கன்சர்வேட்டர் (கோர்ட் நியமிக்குற பொறுப்பாளர்) மாதிரி சட்டப்படி அதிகாரம் இருக்குற ஆள் போடணும், அந்த பேப்பரையும் சேர்த்து அனுப்பணும். பவர் ஆஃப் அட்டர்னி இருந்தா அது யார் பேர்ல இருக்குன்னு கண்டிப்பா பாருங்க, பணத்தைச் சுரண்டினதே அந்த பவர் வச்சிருக்குற ஆளா இருந்தா போர்டுல இருந்து வர்ற செக்கும் அவன் கைக்குத்தான் போகும். அம்மாவுக்கு இன்னும் தெளிவு இருக்கும்போதே பழைய பவரை எழுத்துல ரத்து பண்ணி புது ஆளைப் போட்டுடுங்க. இதுக்கு வக்கீல் வேணும், அப்ளிகேஷனுக்கு வேண்டாம்.

போர்டு எப்பவுமே கடைசியாத்தான் பணம் கொடுக்கும். முதல்ல மெடிகேர் (முதியோருக்கான ஃபெடரல் மருத்துவக் காப்பீடு), மெடிகல் (Medi-Cal, வருமானம் குறைஞ்சவங்களுக்கான கலிஃபோர்னியா மருத்துவத் திட்டம்), இன்ஷூரன்ஸ், விசிட்டர் இன்ஷூரன்ஸ் எது இருக்கோ அது கட்டணும், மிச்சம் நம்ம கையில இருந்து கட்ட வேண்டிய கோ-பே, டிடக்டபிள், இன்ஷூரன்ஸ் தொடாத செலவு, அதுக்குத்தான் போர்டு. சில ஆஸ்பத்திரி பில்லிங் ஆளுங்க "விக்டிம் காம்பன்சேஷன் இருக்குல்ல, மெடிகேருக்கு அனுப்ப மாட்டோம்"னு சொல்லுவாங்க, அது தப்பு, ஃபெடரல் சட்டமே மெடிகேர் மாதிரி ஃபெடரல் திட்டங்கள்தான் முதல்ல கட்டணும்னு சொல்லுது. விசிட்டர் இன்ஷூரன்ஸ் மறுத்துட்டா அந்த மறுப்புக் கடிதத்தைத் தூக்கிப் போடாதீங்க, போர்டு அதைத்தான் முதல்ல கேக்கும். போர்டு கொடுக்குற தொகையை ஆஸ்பத்திரி வாங்கிக்கிட்டா அதோட அந்த பில் முடிஞ்சுது, மிச்சம்னு உங்ககிட்ட வந்து கேக்க முடியாது, அப்படியும் பில் வந்தா உடனே போர்டுக்கு சொல்லுங்க.

எல்டர் லா, அதாவது முதியோர் சட்டம், தெரிஞ்சவங்க உதவி உண்மையிலேயே தேவைப்படுறது அடுத்து சொல்லப் போற இடத்துல. எஸ்எஸ்ஐ (வருமானம் குறைஞ்ச முதியோருக்கு ஃபெடரல் அரசு தர்ற மாச உதவி) வாங்குற பெரியவங்க பேங்க்ல தனி ஆளுக்கு 2,000 டாலர், தம்பதிக்கு 3,000 டாலருக்கு மேல இருக்கக் கூடாது. கலிஃபோர்னியா மெடிகல்ல வயசானவங்களுக்கு சொத்து வரம்பு 2024ல எடுத்துட்டாங்க, 2026 ஜனவரில இருந்து திரும்ப வந்துடுச்சு, தனி ஆளுக்கு 130,000 டாலர். அதனால "காம்பன்சேஷன் பணம் வந்தா எஸ்எஸ்ஐ நின்னுடும், மெடிகல் போயிடும்"னு பயந்தே பல குடும்பம் அப்ளை பண்றதில்ல. அந்த பயம் வேண்டாம். ஸ்டேட் விக்டிம் ஃபண்ட்ல இருந்து வர்ற பணத்தை எஸ்எஸ்ஐ வருமானமா எடுத்துக்காது, செலவாகாம பேங்க்ல கிடந்தாலும் வந்த மாசத்துக்கு அடுத்த மாசத்துல இருந்து 9 மாசத்துக்கு சொத்துக் கணக்குல சேர்க்காது. ஆனா அந்தப் பணம் குற்றத்தால வந்த செலவுக்கோ இழப்புக்கோ கிடைச்சதுன்னு நீங்கதான் காட்டணும், அதுல வர்ற வட்டிக்கு இந்த விலக்கும் இல்ல. அதனால நான் எல்லாருக்கும் சொல்றது, அம்மா பேர்ல வட்டி இல்லாத ஒரு செக்கிங் அக்கவுண்ட் புதுசா திறந்து போர்டு செக்கை அதுல மட்டும் போடுங்க, வேற ஒரு பைசா அதுல கலக்கக் கூடாது, போர்டு அனுப்பின கடிதத்தை ஸ்டேட்மெண்டோட சேர்த்து வைங்க, 9 மாசம் முடியறதுக்குள்ள செலவு பண்ணிடுங்க. முடிஞ்ச வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு நேரா கட்டச் சொல்லி போர்டுகிட்டயே கேட்டுட்டா இந்தத் தலைவலியே குறையும்.

நல்ல மனசோட பண்ற காரியம் ஒண்ணு இதுல குழப்பத்தை உண்டாக்கும். சங்கத்துல, கோயில்ல, வாட்ஸ்ஆப் க்ரூப்ல அம்மா பேர்ல கோஃபண்ட்மீ ஆரம்பிச்சு பணம் சேர்த்து அவங்க கையில கொடுப்பாங்க. எஸ்எஸ்ஐ அந்த நன்கொடையை வருமானமாத்தான் பாக்கும், மேல சொன்ன விலக்கு அதுக்குப் பொருந்தாது. உதவி பண்ணணும்னு இருக்குறவங்க ஆஸ்பத்திரி பில்லையோ பிசியோ பில்லையோ நேரா கட்டிடட்டும், கேஷா அம்மா கையில கொடுக்க வேண்டாம்.

செயினுக்கு வழியே இல்லையான்னா இருக்கு, கிரிமினல் கேஸ்ல. ஆள் மாட்டி தண்டனை ஆச்சுன்னா கோர்ட் ரெஸ்டிடியூஷன் ஆர்டர் (குற்றவாளியே இழப்பைக் கட்டணும்ங்கற உத்தரவு) போடும், நகை விலையை அங்கதான் கேக்கணும், அதனால நகை ரசீது, அம்மா அதைப் போட்டுக்கிட்டு இருக்குற ஃபோட்டோ, எத்தனை சவரன்னு விவரம், எல்லாம் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னிகிட்ட சீக்கிரமே கொடுத்து வைங்க. ஆனா குற்றவாளிகிட்ட இருந்து வர்ற பணம் ஸ்டேட் ஃபண்ட் பணம் இல்ல, எஸ்எஸ்ஐ வாங்குறவங்கன்னா பெரிய தொகை வர்றதுக்கு முன்னாடியே எல்டர் லா வக்கீலைப் பாத்துடணும். எஸ்எஸ்ஐ போகாம இருக்க தன் சொந்தப் பணத்தை ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட்ல (சொத்துக் கணக்குல வராத தனி அறக்கட்டளை) போடுற வழக்கமான வழி 65 தாண்டினவங்களுக்கு கிடையாது. சிவில் கேஸ் போட்டாலும் போர்டுக்கு தகவல் சொல்லணும், அதுல பணம் வந்தா போர்டு கொடுத்ததை திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

அம்மா அடுத்த மாசம் சென்னைக்குத் திரும்பணும், கேஸோ ஒரு வருஷம் இழுக்கும், இது அடிக்கடி வர்ற சிக்கல். கலிஃபோர்னியாவுல 65 வயசு ஆன சாட்சியையும், ஸ்டேட்டை விட்டுப் போகப் போற சாட்சியையும் விசாரணைக்கு முன்னாடியே ஜட்ஜ் முன்னாடி விசாரிச்சு பதிவு பண்ணி வைக்க வழி இருக்கு, கண்டிஷனல் எக்ஸாமினேஷன்னு பேரு, வீடியோவும் எடுக்கலாம். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி டிஸ்ட்ரிக்ட் அட்டர்னிகிட்ட இந்தப் பேரைச் சொல்லியே கேளுங்க, நாம கேக்கலன்னா பல சமயம் அவங்களா யோசிக்க மாட்டாங்க.

மறுப்புக் கடிதம் வந்தா சோர்ந்து போயிடாதீங்க. கடிதத்துல போட்ட தேதியில இருந்து 45 நாளுக்குள்ள அப்பீல் பண்ணணும், அந்தத் தேதியை ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வைங்க. என்ன காரணம் சொல்லியிருக்காங்களோ அதுக்கு மட்டும் பதில் எழுதுங்க. ரிப்போர்ட்ல விழுந்ததுன்னு இருக்குன்னா சப்ளிமெண்டல் ரிப்போர்ட்டும் எக்ஸ்ரே பண்ண டாக்டரோட குறிப்பும். ஒத்துழைக்கலன்னா மேல சொன்ன 13956. இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கணுமேன்னா அந்த மறுப்புக் கடிதம். நீளமா கதை எழுத வேண்டாம், ஒரு பக்கம் போதும்.

வக்கீல் வச்சா எவ்வளவு ஆகும்னு கேட்டா, கலிஃபோர்னியா போர்டு விஷயத்துல உங்களுக்கு எதுவும் ஆகாது. கிடைச்ச தொகையில 10 சதவீதம் இல்லன்னா 500 டாலர், எது குறைவோ அதை போர்டே வக்கீலுக்குக் கொடுக்கும், அதுக்கு மேல உங்ககிட்ட வாங்கக் கூடாதுன்னு சட்டம். "உங்க காம்பன்சேஷன்ல மூணுல ஒரு பங்கு"ன்னு யாராவது பேசினா அங்கயிருந்து எழுந்து வந்துடுங்க. 60 வயசு ஆனவங்களுக்கு ஓல்டர் அமெரிக்கன்ஸ் ஆக்ட் கீழ இலவச சட்ட உதவி ஊருக்கு ஊர் இருக்கு, அதுக்கு வருமான சர்டிஃபிகேட் காட்டணும்னு இல்ல, எல்டர்கேர் லொக்கேட்டர் 800-677-1116க்கு போன் பண்ணி ஜிப் கோட் சொன்னா பக்கத்துல எதுன்னு சொல்லுவாங்க. காசு கொடுத்து பாக்குறதுன்னா நேஷனல் எல்டர் லா ஃபவுண்டேஷன் சர்டிஃபிகேட் வாங்கினவங்களாப் பாருங்க, முதல் மீட்டிங்லயே "எஸ்எஸ்ஐல 9 மாச விலக்கு இருக்குல்ல"ன்னு கேளுங்க, தெரிஞ்சவங்க உடனே அந்த தனி அக்கவுண்ட் விஷயத்துக்கு வந்துடுவாங்க.